நாலு நாள் வேலை வந்தால் சம்பளக் கணக்கு எப்படி மாறும்?

திருகோணமலை டவுனில் கடையிலோ தனியார் அலுவலகத்திலோ நிற்பவர்களுடைய வேலை நேரத்தைத் தீர்மானிப்பது 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். சாப்பாட்டு நேரம் போக நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. அந்த வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்திருந்தால் ஒன்றரை நாள் லீவும் சம்பளத்தோடுதான்.

சரி, முதலாளி "பத்துப் பத்து மணித்தியாலமா நாலு நாள் வாங்கோ, மிச்ச நாள் வீட்டில நில்லுங்கோ" என்கிறார் என்று வையுங்கள். மொத்தம் 40தானே, லாபம் என்று தோன்றும். ஆனால் சட்டம் வாரத்தை மட்டுமல்ல, ஒவ்வொரு நாளையும் தனியாகப் பார்க்கிறது, 8ஐத் தாண்டிய 2 மணித்தியாலமும் ஓ.டி., அதாவது மேலதிக நேரம். அதற்கான காசுக்கு மாதச் சம்பளத்தை 240ஆல் பிரித்து, வருவதை ஒன்றரை மடங்காக்க வேண்டும். 48,000 ரூபாய் வாங்குபவருக்கு மணித்தியாலத்துக்கு 300 ரூபாய், வாரத்துக்கு 2,400. ஒரு நாள் கரண்ட் காசு மிச்சம் என்று கணக்குப் போட்ட முதலாளி இதைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுவார்.

உண்மையான குறைப்பு என்றால் 8 மணித்தியாலப்படி நாலு நாள், அதாவது 32, சம்பளம் அதே. 28ஐத் தாண்டுவதால் லீவுச் சம்பளமும் தப்பும், மூதூரிலிருந்து வருபவருக்கு ஒரு நாள் பஸ் காசும் மிச்சம். ஐஸ்லாந்தில் 2015 முதல் 2019 வரை பொதுத்துறையில் 40 மணித்தியாலத்தை 35, 36 ஆக்கிப் பார்த்தார்கள், சம்பளத்தைக் குறைக்கவில்லை, பெரும்பாலான இடங்களில் வேலையும் குறையவில்லை. கூட்டங்களைச் சுருக்கினார்கள், தேவையில்லாத வேலைகளை விட்டார்கள். ஃபைல் பார்க்கிற அலுவலகத்தில் அது நடக்கும். நிலாவெளி ஹோட்டலில்? சீசனில் அறை துடைக்கவும் சமைக்கவும் ஐந்தாம் நாளும் ஆள் வேண்டும், ஆகவே இன்னொருவரை எடுக்க வேண்டும். ஒருவருக்கு வேலை கிடைக்கும், அறை வாடகையும் ஏறும்.

இலங்கையில் 2022 ஜூனில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்காக அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தார்கள், வீட்டுத்தோட்டம் செய்யவும் சொன்னார்கள். அவர்களுக்குச் சம்பளம் குறையவில்லை. ஆனால் அலுவலகம் பூட்டினால் கச்சேரிப் (மாவட்டச் செயலகம்) பக்கம் சோத்துப் பார்சல் விற்பவருக்கும் ஆட்டோக்காரருக்கும் அன்றைய வியாபாரம் படுத்துவிடும், அதை ஈடுசெய்ய எந்தச் சட்டமும் இல்லை.

ஆகவே நாளைக் குறைக்கிறோம் என்று உங்கள் இடத்தில் சொன்னால், மாதச் சம்பளம் மாறாது என்பதை எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தில் கை வைத்தால் ஊழியர் சேமலாப நிதிக்குப் (ஈ.பி.எஃப்.) போகிற உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ஈ.டி.எஃப்.) அவர் கட்டுகிற 3 வீதமும் சேர்ந்தே சுருங்கும். பிரச்சினை என்றால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிடலாம், சம்பளச் சிட்டையைக் கையோடு கொண்டு போங்கள்.