டிராமா: நாடகமா, வம்பா, அலரா?

செகண்ட் லைஃப் என்ற மெய்நிகர் உலகத்தில் ஒரு பத்துப் பேருடைய சுயவிவரத்தைத் திறந்து பாருங்கள். யாராவது ஒருவர் 'நோ டிராமா' என்று எழுதி வைத்திருப்பார். இதை 'நாடகம் வேண்டாம்' என்று தமிழாக்கினால் காரியம் கெட்டது. நம் பேச்சில் 'டிராமா போடாதே' என்றால் பொய்யாக நடிக்காதே என்று பொருள். அந்த உலகத்தில் டிராமா என்பது வேறு. ஒருவர் இன்னொருவரைப் பற்றி ஏதோ சொல்ல, அதை மூன்றாமவர் கடத்த, விடிவதற்குள் இரண்டு கட்சி சேர்ந்து, 'என் நிலத்தில் காலை வைக்காதே' என்று தடைப் பட்டியலில் பெயர் ஏறுவது வரைக்கும் எல்லாம் டிராமாதான். யாரும் நடிப்பதில்லை, கோபம் நிஜம்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'திரான்' என்றால் செய்தல். 'திராமா' என்றால் செயல். மேடையில் செய்து காட்டுவது நாடகமாயிற்று. ஆங்கிலத்தில் வெகு பின்னால்தான் மனிதர்களுக்கு இடையிலான சச்சரவுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டபோதே ஒரு ஏளனமும் சேர்ந்து வந்துவிட்டது. ஒரு புகாரை டிராமா என்று சொல்லிவிட்டால் அதை விசாரிக்கத் தேவையில்லை என்று ஆகிவிடுகிறது. இந்தச் சொல்லின் மேல் எனக்கு இருக்கும் வருத்தமே இதுதான்.

2010 ஆகஸ்டில் நடந்ததைப் பாருங்கள். செகண்ட் லைஃபுக்குள் நுழைய 'வியூவர்' என்ற மென்பொருள் வேண்டும். செகண்ட் லைஃபை நடத்தும் லிண்டன் லேப் நிறுவனம் தன் வியூவரின் மூல நிரலை 2007 ஜனவரியில் திறந்துவிட, வெளியார் பலர் சொந்தமாக வியூவர் செய்தார்கள். இவற்றைத்தான் 'மூன்றாம் தரப்பு வியூவர்' என்கிறோம். (காப்பீட்டில் மூன்றாம் தரப்பு என்றால் அடிபட்டவர், இங்கே செய்து கொடுத்தவர். 'வெளியார் வியூவர்' என்றால் குழப்பமில்லை.) அவற்றில் கொடிகட்டிப் பறந்தது எமரால்டு. அதன் நுழைவுத் திரையில், வேறொரு இணையதளத்தை உள்ளே திறக்கும் சட்டகங்களை (ஐஃபிரேம்) கண்ணுக்குத் தெரியாதபடி ஒளித்து வைத்திருந்தார்கள். யார் நுழைந்தாலும், அவருக்கே தெரியாமல், அந்தக் குழுவோடு பகை கொண்டிருந்த ஒருவரின் இணையதளத்தை அவருடைய கணினி திரும்பத் திரும்பத் தட்டும். ஆயிரக்கணக்கானவர்கள் நுழைந்தால் தளம் என்ன ஆகும்? விஷயம் வெளியானதும் லிண்டன் லேப் எமரால்டைத் தன் வெளியார் வியூவர் பட்டியலிலிருந்து நீக்கியது, குழுவும் சிதறியது. இதையும் 'சும்மா டிராமா' என்று கையை உதறியவர்கள் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'வதந்தி' சரிவராது, அதில் உறுதியில்லாத செய்தி என்ற பொருள் ஏறியிருக்கிறது. 'கிசுகிசு' காதோடு காதாக ஓதும் ஓசையில் பிறந்த சொல். ஊரே இரண்டுபட்ட பிறகு எங்கே கிசுகிசுப்பது? 'கூத்து' கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. ஆனால் 'இது என்ன கூத்து' என்னும்போது சிரிப்பு முந்திக்கொள்கிறது.

அன்றாடத்துக்கு 'வம்பு' போதும். இதற்குத் தொல்காப்பியம் தரும் பொருள் நிலையின்மை. பருவம் தப்பிப் பெய்யும் மழை வம்ப மாரி. அதைக் கார்காலம் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றை மரங்களை மடமை உடையவை என்கிறது ஒரு குறுந்தொகைப் பாட்டு. 2006 நவம்பரில் காப்பிபாட் என்ற நிரல் பரவியபோது செகண்ட் லைஃபின் கடைக்காரர்கள் அந்தக் கொன்றை போலத்தான் ஆனார்கள். அடுத்தவர் செய்த பொருளின் தோற்றத்தை அது நகலெடுக்கும், அதுவரை உண்மை. எல்லாமே போய்விடும் என்பது வம்பு. பொருளை இயக்கும் நிரல்வரி சர்வரிலேயே இருப்பதால் அதை இதனால் தொட முடியாது. ஆனால் கடைகளை மூடினார்கள். காப்பிபாட்டை நிறுத்தும் கட்டளை என்று நம்பி 'குவிட், குவிட்' என்று ஓயாமல் கத்தும் பெட்டிகளை வாங்கி வைத்தார்கள். நிரலில் அந்தச் சொல்லை மாற்றிவிட்டால் பெட்டி வீண்.

எமரால்டு போன்ற விவகாரத்துக்கு வம்பு போதாது. அதற்கு அகப்பாடல்கள் வைத்திருக்கும் இரட்டைச் சொல் இருக்கிறது: அம்பல், அலர். அம்பல் மொட்டு, சிலர் மட்டும் அறிந்து ஜாடையாகப் பேசுவது. அலர் விரிந்த பூ. பலர் அறியப் பேசுவது. குறளில் அலருக்குத் தனி அதிகாரமே உண்டு. நான் அவரைக் கண்டது ஒருநாள்தான், அலரோ நிலவைப் பாம்பு பிடித்தது போல எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. கவனியுங்கள், கண்டது பொய் என்று அவள் சொல்லவில்லை. அலர் என்பதற்குப் பரவுதல்தான் இலக்கணம். மெய்யா பொய்யா என்பதை அந்தச் சொல் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை. டிராமாவிடம் இல்லாத நேர்மை இது.

அப்புறம் இன்னொன்று. முன்பு சில வெளியார் வியூவர்களில் ஒருவர் எந்த வியூவரில் வந்திருக்கிறார் என்பது அவர் தலைக்கு மேலே பெயரோடு பட்டையாகத் தெரியும். 'ஓகோ, நீ அந்தக் கோஷ்டியா' என்று பேச்சு அங்கிருந்தே கிளம்பும். 2012 பிப்ரவரியில் லிண்டன் லேப் விதியை மாற்றி, அடுத்தவருடைய மென்பொருளைக் காட்டக் கூடாது என்றது. அதற்கும் ஒரு பெரிய அலர் எழுந்தது.

ஆகவே சுயவிவரத்தில் எழுதுவதாக இருந்தால் 'வம்பு பேச வராதீர்கள்'. நடந்ததைப் பற்றி எழுதும்போது 'எமரால்டு அலர்'. நாடகத்தை மேடைக்கே விட்டுவிடலாம்.