மலைக்கு உயரம் கொடுத்த 60 மீட்டர் கம்பம்

கோத்தகிரியிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருக்கிறார்: "கூகுள் எர்த்தில் தொட்டபெட்டாவைச் சாய்த்து வைத்துப் படம் சேமித்தேன். செயற்கைக்கோள் மேலிருந்துதானே படம் எடுக்கிறது? பக்கவாட்டுத் தோற்றம் எப்படி வந்தது? பாறை முனைகள் ஏன் மழுங்கித் தெரிகின்றன?"

பக்கவாட்டில் யாரும் படம் எடுக்கவில்லை. மென்பொருளிடம் ஓர் ஒளிப்படமும், இடத்துக்கு இடம் உயரம் எழுதிய ஓர் எண் பட்டியலும் இருக்கின்றன. எண்களை முக்கோண வலையாகக் கட்டி, அதன்மேல் ஒளிப்படத்தை ஈரத்துணிபோலப் போர்த்திவிடுகிறது. அப்புறம் எந்தக் கோணத்திலிருந்தும் பார்க்கலாம்.

அந்த எண்கள் வந்த விதம்தான் எனக்கு இன்றும் வியப்பு. உலகின் பெரும்பகுதிக்கு அவற்றின் அடித்தளம், 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பறந்து எடுத்த ரேடார் அளவீடு. ஓடத்துக்குள் ஓர் ஆன்டெனா. 3 மீட்டருக்கும் குறைவான உருளைக்குள் மடிந்திருந்த கம்பம் விண்ணில் 60 மீட்டர் நீண்டது. அதன் நுனியில் இன்னோர் ஆன்டெனா. ஓடம் 5.6 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலையை அனுப்பும். தரையில் பட்டுத் திரும்புவதை இரண்டும் வாங்கும். ஒரே பாறையிலிருந்து இரண்டுக்கும் உள்ள தூரம் சமமில்லை. ஆகவே ஒன்றில் அலையின் முகடு வந்து சேரும்போது மற்றதில் சரிவோ அகடோ இருக்கும். பாறை உயர்ந்தால் இந்த வேறுபாடு மாறும், தாழ்ந்தாலும் மாறும். 233 கிலோமீட்டர் மேலே இருந்துகொண்டு, ஒரு சிற்றலையின் பின்னத்தை அளந்தே மலையின் உயரத்தைக் கணக்கிட்டுவிட்டார்கள்! கம்பம் அசைந்தால் கணக்கு கெடும் என்பதால் அதன் அசைவையும் விடாமல் அளந்தார்கள். உலக நிலப்பரப்பில் சுமார் 80 சதவீதம் இப்படி அளக்கப்பட்டது.

ரேடார் சாய்வாகப் பார்ப்பதால் செங்குத்து மலைகளின் மறுபுறம் நிழலில் விழுந்துவிடும். இமயமலையில் இப்படி ஏராளமான ஓட்டைகள். பிறகு வேறு தரவுகளால் அடைத்தார்கள்.

முனைகள் மழுங்குவதற்கு வருவோம். இந்த அளவீட்டில் சுமார் 30 மீட்டருக்கு ஓர் உயரம்தான். அதைவிடச் சிறிய பாறைக் கூர்ப்பும் ஓடைப் பள்ளமும் சராசரியில் கரைந்துபோகும். ஓரிடத்துக்கு ஓர் எண்தான் என்பதால் குகைக்கு அங்கே இடமே இல்லை. சோலைக்காடு என்றால் மரங்களின் உயரத்திலும் ஒரு பங்கு சேர்ந்துவிடும். படம் சேமிக்குமுன் கூகுள் எர்த் புரோவின் அமைப்புகளில் உயர மிகைப்பு (Elevation Exaggeration) 1 என்று இருக்கிறதா பாருங்கள். கூடுதலாக இருந்தால் மேடுகூட மலையாகிவிடும்.

இந்த 30 மீட்டர் தரவு அமெரிக்காவுக்கு வெளியே உள்ள நிலங்களுக்கு 2014 வரை பொதுவில் தரப்படவில்லை. 90 மீட்டர்தான் கிடைத்தது. மலைச்சரிவில் வாழ்பவர்களுக்கு அது பெரிய இழப்பு என்பேன். 2005இல் இஸ்ரோ அனுப்பிய கார்ட்டோசாட்-1, முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரண்டு கேமராக்களால் அதே நிலத்தைப் படமெடுத்து நமக்கென உயரங்களைத் தந்தது. இஸ்ரோவின் புவன் (Bhuvan) இணையதளத்தில் அவை 30 மீட்டர் அளவில் இலவசமாகக் கிடைக்கின்றன. நிலச்சரிவு தொடங்கும் ஓடைகளோ அதைவிடக் குறுகியவை. நுண்ணிய உயரத் தரவு நீலகிரியிலும் வயநாட்டிலும் உள்ள ஒவ்வொரு கல்லூரிக்கும் கட்டணமின்றிப் போய்ச் சேர வேண்டும். அது நம் வரிப்பணத்தில் அளந்த மலை.