சோக்கைக் கீழே வைத்த பிறகு

எட்டாம் தரத்தில் ஒரு பையன் மூன்றாவது நாளும் கணிதக் கொப்பியைத் திருத்தத் தரவில்லை. என் விரல்கள் சோக்கை நெரித்துக்கொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். அதை மேசையில் வைத்துவிட்டு, மூச்சு மூன்று முறை வந்து போகும்வரை நின்றேன். அப்புறம், "என்னப்பன் நடந்தது?" என்றேன். "மழையில நனைஞ்சு போச்சு மிஸ், தாளெல்லாம் ஒட்டிட்டுது" என்று பையிலிருந்து எடுத்துக் காட்டினான். இடைவேளையில் இருவரும் அடிமட்டத்தை நுழைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்தோம்.

அந்த மூன்று மூச்சையும் எனக்குத் தந்தது ஆனாபானசதி என்ற பௌத்தப் பயிற்சி. மூச்சின் வரவையும் போக்கையும் கவனிப்பது, அவ்வளவுதான். ஆசிரியையாகிப் பத்து வருடம் கழித்தே பழகத் தொடங்கினேன்.

இந்த வழியில் எனக்கு முன்னால் நடந்தவர் ஏ. ரி. ஆரியரத்ன. கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1958இல், சாதியால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துப்போய், அந்த ஊராரோடு தங்கி வேலை செய்ய வைத்தார். ஊருக்காக உழைப்பைத் தானமாகத் தரும் சர்வோதய சிரமதான இயக்கம் அங்கிருந்து வளர்ந்ததுதான். மெத்தா (அன்பு), கருணா (இரக்கம்), முதிதா (பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது), உபேக்கா (மனச் சமநிலை) என்று பௌத்தம் சொல்லும் நான்கு மனப்பண்புகளையும் மண்வெட்டி பிடிக்கும் கைக்குக் கொண்டுவந்தவர் அவர். அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ உருமாற்றக் கற்றலைப் பற்றி எழுதியது 1978இல். நமக்குள் ஊறிப்போன ஓர் எண்ணம் அனுபவத்தோடு மோதி ஆட்டம் காணும்போது, அதை நாமே கேள்வி கேட்பதில் அந்தக் கற்றல் தொடங்குகிறது. சாதியைப் பாடமாக மட்டும் படித்த பிள்ளை, ஒதுக்கப்பட்டவரோடு ஒன்றாக இருந்து சாப்பிடும்போது நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

நான்கிலும் ஆசிரியர்கள் அதிகம் பிழையாக விளங்கிக்கொள்வது உபேக்கா. அது பாராமுகம் அல்ல. பிள்ளைமேல் அக்கறை குறையாது; அவன் எடுக்கும் புள்ளிதான் என் மானம் என்ற இறுக்கம் தளரும்.

வகுப்பில் தியானம் பழக்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கண்ணை மூடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். போரையோ வீட்டில் அடிதடியையோ கண்ட பிள்ளைக்குக் கண்ணை மூடினால் அதுவே திரும்ப வரலாம். கண் திறந்தபடி, பாதம் நிலத்தில் படுவதைக் கவனித்தால் போதும். தூக்கமின்மையும் படபடப்பும் தொடர்ந்தால் உளவளத்துணையாளரிடம் அனுப்புங்கள். மூச்சுப் பயிற்சி அதற்கு ஈடாகாது.

பிள்ளைகளுக்கு முன் நீங்கள் ஆறு மாதமாவது பழகுங்கள். எனக்கு இன்றும் சில நாள் குரல் உயர்ந்துவிடுகிறது. அன்று மணி அடித்ததும் அந்தப் பிள்ளையைத் தேடிப்போய்ப் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.