நிகழ்பட ஆட்டம்

வழக்கில் வீடியோ கேம். வீட்டுப் பேச்சில் வெறும் 'கேம்'. திரையில் ஓடும் படத்தை ஆடுபவரின் கை மாற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டம். மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில், பொது மண்டபத்தில் இதைக் கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைக்க முனைவோருக்குப் பெயர்ப்பலகையே முதல் சிக்கல்.

'வீடியோ' இலத்தீன் வினைமுற்று. 'காண்கிறேன்' என்று பொருள். 'ஆடியோ'வைப் பார்த்து 1930களில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியது. 'கேம்' பழைய ஆங்கிலத்தில் 'கமென்', அதாவது களிப்பு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலும் உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாக விளையாட்டைச் சொல்கிறது.

'காணொளி விளையாட்டு' என்று பலர் எழுதுகிறார்கள். அதில் இரண்டு பாதியும் இடறுகின்றன. நம் நாளிதழ்களில் 'விளையாட்டு' என்றால் காற்பந்தும் பூப்பந்தும் வரும் பக்கம். காணொளியோ, பார்த்துவிட்டு நகர்வது. 'நிகழ்படம்' வினைத்தொகை: நிகழ்ந்த, நிகழ்கின்ற, நிகழும் என்று முக்காலமும் அதற்குள் அடங்கும். பொத்தானை அழுத்தும்வரை அடுத்த காட்சி பிறக்காத கலைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் அரிது. 'ஆட்டம்' இன்னும் வளமானது. கரகாட்டமும் ஆட்டம், ஆடுபுலியும் ஆட்டம். கலையா விளையாட்டா என்று ஆங்கிலத்தில் நெடுநாள் வாதாடினார்கள். தமிழ் இரண்டையும் ஒரே வேரில் வைத்திருக்கிறது.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் பேக்-மேன், டெட்ரிஸ் உட்பட 14 ஆட்டங்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தது. அதே ஆண்டு வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் 80 ஆட்டங்களைக் கொண்டு தனிக் கண்காட்சி நடத்தியது.

பலகையில் இப்படி எழுதலாம்: 'பேக்-மேன். நிகழ்பட ஆட்டம், 1980. வடிவமைப்பு: தோரு இவாதானி. வெளியீடு: நாம்கோ, ஜப்பான்.' ஓவியத்துக்கு 'எண்ணெய் வண்ணம், துணி' என்று எழுதுவோமே, அதுபோல ஓடும் கருவியையும் திரையின் வகையையும் கீழே சேர்க்க வேண்டும். பழைய ஆட்டங்கள் பெரும்பாலும் 4:3 (அகலம்:உயரம்) திரைக்கு வரையப்பட்டவை. 16:9 தொலைக்காட்சியில் இழுத்துக் காட்டினால் வட்டம் முட்டையாகும். படைத்தவர் வரைந்த உருவமே கெடும். தொலைக்காட்சி அமைப்பில் 4:3 என்று மாற்றி, இருபுறமும் கறுப்பாக விடுக. திரையை நோக்கிச் சுடும் பழைய ஒளித்துப்பாக்கி ஆட்டங்கள் தட்டைத் திரையில் வேலை செய்யா. அந்தத் துப்பாக்கி, பழைய பெட்டித் தொலைக்காட்சியின் படக்குழாய்த் திரையில் ஒளிக்கோடு ஓடும் நேரத்தை வைத்தே குறியை அறிகிறது. ஜப்பானியப் பழைய கருவிகள் 100 வோல்ட்டுக்கானவை. நம் சுவரில் 230 வோல்ட். நேரே செருகினால் அடாப்டர் கருகும், இடையில் வோல்ட் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும்.

ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வரிசை விட்டால் மண்டபம் தேங்காது. பல மணி நேரம் நீளும் ஆட்டமானால், தேர்ந்த ஒருவர் ஆடியதைப் பதிவுசெய்து ஓடவிடலாம். ஆனால் அந்தத் திரையின் பலகையில் 'நிகழ்பட ஆட்டம்' என்று எழுதக் கூடாது; அங்கே 'காணொளி'தான் சரி.