ஏனுங்க, டர்போ போய்விட்டதுங்களா?

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் ஒருவர் சென்ற ஆடி மாதம் தன் பழைய டீசல் காரோடு எங்கள் பட்டறைக்கு வந்தார். இறங்கும்போதே கேட்ட கேள்விதான் தலைப்பில் இருப்பது. வேறொரு இடத்தில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையே புதிதாகப் போட்டால்தான் ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவர்கள் சொன்ன விலைக்கு ஒரு நல்ல கறவை மாடு பிடிக்கலாம்.

"சத்தம் எப்போதுங்க வருகிறது?" என்றேன். தறிக்காரர்களிடம் இதைக் கேட்பதில் எனக்கு ஒரு சுகம். கொட்டகை முழுக்கத் தறி இரையும்போதும் எந்தத் தறியின் சத்தம் மாறியது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடும் காது அவர்களுடையது. அவர் கொஞ்சம் யோசித்தார். வண்டியை நிறுத்தி வைத்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வருவதில்லை. மூன்றாம் கியரில் பாலம் ஏறும்போது மட்டும் 'உஸ்' என்று காற்றுப் பிரிகிறது. வண்டி முன்புபோல இழுப்பதில்லை, பின்னால் கரும்புகை.

பானெட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று ரப்பர் ஹோஸ் வழியாக இன்டர்கூலருக்குப் போய், குளிர்ந்து இன்ஜினுக்குள் வருகிறது. ஆண்டுக்கணக்கில் சூட்டையும் எண்ணெய் ஆவியையும் தாங்கிய ரப்பர் வெடிக்கும். பாரம் ஏறி அழுத்தம் கூடினால்தான் அந்த வெடிப்பு வாயைத் திறக்கும். அதனால்தான் நின்ற இடத்தில் முறுக்கினால் சத்தம் கேட்பதில்லை. காற்று வெளியே போய்விட, டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகிறது. ஹோஸைக் கழற்றி வளைத்தேன். கிளாம்புக்கு அடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். ஹோஸும் இரண்டு கிளாம்பும் மாற்றினோம். டர்போவை நான் தொடவே இல்லை.

சத்தம் எதைப் போல இருக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் எனக்கு வேண்டும். காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதா, சூடேறிய பிறகா? பாரத்திலா, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதா? கிளட்சை மிதித்ததும் சத்தம் மாறினால் முதலில் கிளட்ச் பேரிங்கைத்தான் பார்ப்பேன். டர்போவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குளிர்ந்த இன்ஜினில் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடேறச் சூடேறக் குறைந்தால் இன்ஜினிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் புகை கசிகிறதா என்று பார்ப்பேன். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால் சத்தம் அடங்குகிறது.

ஸ்டார்ட் செய்தவுடன் ஓரிரு நொடி 'கடகட'வென்று அடித்துவிட்டு அடங்கும் சத்தம் வேறு. நம் ஊர்ச் சாலைகளில் இன்னும் ஏராளமாக ஓடும் 1248 சிசி மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஃபியட் வடிவமைத்தது. மாருதி ஸ்விஃப்ட், டாடா இண்டிகா விஸ்டா இரண்டிலும் அதே இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் வண்டிப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்ததோடு மாருதி டீசலை விட்டுவிட்டது; ஆகவே இன்று அதை ஓட்டும் எவரிடமும் இருப்பது பழைய வண்டிதான். வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாமல் இயங்க அதில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. ஆயில் மாற்றாமல் ஓட்டினால் செயின் தேய்ந்து நீளும், டென்ஷனர் தளரும். அந்த இரண்டு நொடிச் சத்தம் நாளுக்கு நாள் நீள்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அடியிலிருந்து பாரத்தோடு கூடும் கனத்த 'டொக் டொக்' கேட்டால் அங்கேயே இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வாருங்கள்.

டர்போ நிஜமாகவே போகும்போது சத்தம் சைரனைப் போல ஏறி இறங்கும், கூடவே நீலப்புகை வரும், ஆயிலும் குறையும். சிறு கார்களின் டர்போ அச்சு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. இதைப் படித்தறிந்ததைவிட நான் பட்டறிந்ததே அதிகம். தொழிலுக்கு வந்த புதிதில், பொள்ளாச்சித் தென்னந்தோப்புக்காரர் ஒருவரின் வண்டிக்குப் புது டர்போ போட்டுக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அதே சைரனோடு திரும்பி வந்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, "பாருங்க தம்பி" என்று சாவியை நீட்டினார். டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தேன், காற்றே போகவில்லை. உள்ளே கரி. முதல் டர்போவைக் கொன்றது எதுவென்று பார்க்காமலே இரண்டாவதையும் அதன் வாயில் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது டர்போ என் கைக்காசு.

கரி எப்படி வந்தது என்று பிறகு விசாரித்தேன். வாரம் ஒரு முறை வால்பாறை போவாராம். ஆழியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பாலும் இரண்டாம் கியர். மேலே போனதும் டீக்கடை. நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பி அணைத்துவிடுவார். பழுக்கச் சூடான டர்போவுக்குள் ஆயில் ஓட்டம் நின்று, தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். போதாததற்கு, ஆயிலை நிரப்பிக்கொண்டே வந்தாரே தவிர மாற்றவே இல்லை. மலை ஏறி நிறுத்தினால் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். டீ ஆறிவிடாது.

டீசல் வண்டிக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. டர்போவுக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் விட்டால் இன்ஜின் தன் ஆயிலையே குடித்துத் தானாக உறுமி ஏறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. கியர் வண்டியென்றால் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி கடைசி கியரில் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிடும். முடியாவிட்டால் இறங்கி விலகிவிடுங்கள். பானெட்டைத் திறந்து கையை உள்ளே விடவே கூடாது.

நீண்ட திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் ஒட்டிக் கேட்கும் வித்தையை எங்கள் பட்டறையில் பார்த்துவிட்டு வீட்டிலும் சிலர் செய்கிறார்கள். செய்யலாம், ஆனால் தோளில் துண்டோடு வேண்டாம். பெல்ட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரேடியேட்டர் விசிறி எப்போது வேண்டுமானாலும் கிளம்பும்.

காலையில் மட்டும் வரும் சத்தமென்றால் முதல் நாள் மாலையே வண்டியை விட்டுவிட்டுப் போங்கள். திருப்பூரிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் இன்ஜின் சூடாகிவிடும், சத்தமும் ஒளிந்துகொள்ளும். விடியும்போது நான் ஸ்டார்ட் செய்து கேட்டுக்கொள்கிறேன்.