சொல் விளக்கம்: பல்ப் ஃபிக்ஷன்

தமிழில் ‘பல்ப்’ என்று எழுதினால் முதலில் நினைவுக்கு வருவது எரிகிற பல்புதான். அடுத்தது, நாலு பேர் முன்னால் அசடு வழிவது. விறுவிறுப்பான மலிவுக் கதைகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ‘பல்ப் ஃபிக்ஷன்’ என்ற பெயரில் இருக்கிற பல்ப் இந்த இரண்டும் இல்லை. அது கூழ். பழத்தின் சதைப்பற்றைக் குறிக்கும் ‘புல்ப்பா’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. மாம்பழக் கூழ், பல்லுக்குள் இருக்கும் பற்கூழ், காகித ஆலையில் அரைபடும் மரக்கூழ் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். கதையோடு வந்து ஒட்டிக்கொண்டது இந்தக் கடைசிக் கூழ்.

பலர் இதை ‘கூழ் மாதிரி கொழகொழவென்று எழுதப்பட்ட கதை’ என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். அப்படியில்லை. பெயர் வந்தது தாளிலிருந்து.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கு நாடுகளில் காகிதத்துக்கு மூலப்பொருள் கந்தல் துணி. படிக்கிறவர்கள் பெருகப் பெருகக் கந்தல் போதவில்லை. 1844 வாக்கில் ஜெர்மனியில் கெல்லர் என்பவரும், இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஃபெனர்ட்டி என்பவரும் மரத்தை அரைத்துத் தாள் செய்யும் வழியைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் தாளின் விலை சரிந்தது. ஆனால் அரைத்த மரத்தில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டால் தாள் பழுப்பேறுவது அதனால்தான். மை பரவாமல் இருக்கச் சேர்க்கும் படிகாரமோ நாளடைவில் அமிலமாகி இழைகளை அரித்துவிடும். மலிவு, சொரசொரப்பு, அற்பாயுசு: இதுதான் பல்ப் தாள்.

மலிவுக் கதைகள் இந்தத் தாளுக்கு முன்பே இருந்தன. 1830கள் முதல் லண்டனில் ஒரு பென்னிக்கு வாரம் ஒரு பகுதியாகக் கொள்ளைக்காரன் கதையும் பேய்க் கதையும் விற்றார்கள். ‘பென்னி டிரெட்ஃபுல்’ என்று பிற்பாடு பெயர் பெற்றவை இவை. அமெரிக்காவில் 1860இல் பீடில் நிறுவனம் பத்து சென்ட்டுக்கு ஒரு முழுக்கதை என்று ‘டைம் நாவல்’ வரிசையைத் தொடங்கியது (டைம் என்பது பத்து சென்ட் நாணயம்). அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போர் மூண்டது. முகாமில் பொழுது போகாமல் கிடந்த சிப்பாய்கள் அவற்றை விழுந்து விழுந்து படித்தார்கள். இந்த இரண்டையும் பல்ப் என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. கண்டிப்பாகப் பார்த்தால் அவை பல்ப்பின் பாட்டன், முப்பாட்டன்.

அசல் பல்ப்புக்கு ஒரு பிறந்த ஆண்டு உண்டு: 1896. தந்தி அலுவலகத்தில் மேலாளராக இருந்துவிட்டு நியூயார்க்குக்கு வந்த ஃபிராங்க் மன்சி, 1882இல் சிறுவர்களுக்காக ஒரு வார இதழ் ஆரம்பித்தார். ‘கோல்டன் ஆர்கோசி’ என்று பெயர். அது தட்டுத்தடுமாறி ஓடியது. 1896இல் அவர் துணிந்து ஒரு காரியம் செய்தார். படங்களை எடுத்தார், கட்டுரைகளை எடுத்தார், நல்ல தாளையும் எடுத்தார். மிஞ்சியது 192 பக்கம், முழுக்க முழுக்கக் கதை, விலை பத்து சென்ட். படிக்கிறவனுக்குக் கதைதான் வேண்டும், தாள் எப்படி இருந்தால் என்ன என்பது அவர் கணக்கு. கணக்கு பலித்தது. பத்துப் பதினோரு ஆண்டுகளில் ‘ஆர்கோசி’யின் விற்பனை சுமார் ஐந்து லட்சம் பிரதிகளைத் தொட்டது. மற்ற பதிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? வரிசையாக இறங்கினார்கள்.

ஒரு பல்ப் இதழைக் கையில் எடுத்தால் ஏழு அங்குல அகலம், பத்து அங்குல உயரம் இருக்கும். ஓரங்களை வெட்டிச் சீராக்கியிருக்க மாட்டார்கள். அதுவும் ஒரு செலவுதானே. புரட்டினால் தாள் துணுக்குகள் மடியில் உதிரும். உள்ளே இரண்டு பத்தியாக நெருக்கியடித்த எழுத்து, உடம்பைத் தேற்றுவது எப்படி, அஞ்சல் வழியில் தொழில் கற்பது எப்படி என்று விளம்பரங்கள். அட்டை மட்டும் வேறு ஜாதி: வழவழப்பான தாளில் பளீரென்ற வண்ண ஓவியம். கடையில் தொங்குகிற ஐம்பது இதழ்களுக்கு நடுவே கண்ணை இழுக்க வேண்டியது அதுதான். சில சமயம் அட்டைப் படத்தை முதலில் வரைந்து வாங்கிவிட்டு, அதற்குப் பொருத்தமாக ஒரு கதை எழுதித் தரும்படி எழுத்தாளரிடம் கேட்பார்களாம். நம் ஊர் மாத நாவல் அட்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

‘பல்ப்’ என்ற பெயருக்கு எதிர்ப்பெயரும் தாளிலிருந்தே வந்தது. வழவழப்பான தாளில் அச்சாகி, நல்ல சன்மானம் கொடுத்த குடும்ப இதழ்களை ‘ஸ்லிக்’ என்றார்கள், வழவழ என்று அர்த்தம். பல்ப்பில் எழுதியவர்களில் பலருக்கு ஸ்லிக்கில் ஒரு கதையாவது வந்துவிட வேண்டும் என்று ஏக்கம். தாளின் தரத்தை வைத்து எழுத்தாளனுக்குத் தரம் பிரித்த காலம் அது.

கதைகளில் முதலில் கொடிகட்டிப் பறந்தது சாகசம். கடற்கொள்ளை, பாலைவனம், புதையல் தீவு. 1910இல் தொடங்கிய ‘அட்வென்ச்சர்’ இதழ் இதற்கென்றே வாழ்ந்தது. வாசகர்கள் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள் என்பதை நம்பி, அவர்களுக்கு இலவச அடையாள அட்டையும் கொடுத்தது. எங்காவது வெளிநாட்டில் இறந்துபோனால், அட்டையிலுள்ள எண்ணை வைத்து இதழ் வீட்டுக்குத் தகவல் சொல்லும். நாற்காலியை விட்டு எழுந்திருக்காத வாசகர்களும் அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

டார்ஜான் பிறந்ததும் பல்ப்பில்தான். எட்கர் ரைஸ் பரோஸ் முப்பத்தைந்து வயதுவரை எந்தத் தொழிலிலும் நிலைக்காதவர். பென்சில் சீவும் கருவி விற்கிற வேலையில், தங்கள் விளம்பரங்கள் சரியாக வந்திருக்கின்றனவா என்று பல்ப் இதழ்களைப் புரட்டப்போய், இந்த லட்சணத்தில் எழுதினால் பணம் தருவார்கள் என்றால் நானும் எழுதுவேன் என்று உட்கார்ந்தார். செவ்வாய்க் கிரகத்தில் நடக்கும் ஒரு கதையை ‘ஆல் ஸ்டோரி’ இதழ் 400 டாலருக்கு வாங்கி, 1912 பிப்ரவரி முதல் தொடராகப் போட்டது. இப்படியெல்லாம் எழுதுகிற ஆளுக்கு மூளை பிசகவில்லை என்று வாசகர்களுக்குத் தெரியட்டும் என நினைத்து, ‘சுய புத்தி உள்ளவன்’ என்று பொருள்படும் ‘நார்மல் பீன்’ என்ற புனைபெயரைக் கொடுத்தார். அச்சில் அது பிழைதிருத்தப்பட்டு ‘நார்மன் பீன்’ ஆகிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதே இதழில் டார்ஜான் வந்தான், இம்முறை சொந்தப் பெயரிலேயே.

பிறகு ஒவ்வொரு ருசிக்கும் ஒரு இதழ். துப்பறியும் கதைக்கு 1920இல் ‘பிளாக் மாஸ்க்’, அமானுஷ்யத்துக்கு 1923இல் ‘வியர்ட் டேல்ஸ்’, அறிவியல் புனைவுக்கு 1926இல் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’. டாஷியல் ஹாமெட்டும் ரேமண்ட் சாண்ட்லரும் ‘பிளாக் மாஸ்க்’கில் வளர்ந்தவர்கள். இன்று பல்கலைக்கழகப் பாடத்தில் இருக்கிறார்கள்.

எழுதுகிறவர்களுக்குக் கூலி சொல்லுக்கு ஒரு சென்ட், பல இடங்களில் அதற்கும் கீழே. வேகமாக எழுதுகிறவன்தான் பிழைப்பான். 1931இல் தொடங்கிய ‘தி ஷேடோ’ இதழின் 325 நாவல்களில் 282ஐ வால்டர் கிப்சன் என்ற ஒரே மனிதர் எழுதினார், பல ஆண்டுகள் மாதத்துக்கு இரண்டு வீதம். ‘டாக் சாவேஜ்’ கதைகளை எழுதிய லெஸ்டர் டென்ட் ஒரு சூத்திரமே வைத்திருந்தார். ஆறாயிரம் சொல் கதையை 1500, 1500 ஆக நாலாய்ப் பிரி. ஒவ்வொரு பகுதியிலும் நாயகனுக்குப் புதுச் சங்கடம் கொடு. பகுதி முடியும்போது எதிர்பாராத ஒரு திருப்பம் வை. நம் வாரத் தொடர்கதைகள் இந்தச் சூத்திரத்தைப் படிக்காமலேயே பின்பற்றின.

இரண்டாம் உலகப் போரில் தாள் தட்டுப்பாடு வந்தது. காமிக்ஸும் பாக்கெட் சைஸ் புத்தகங்களும் வாசகர்களைப் பங்குபோட்டன, அப்புறம் தொலைக்காட்சி. 1949இல் ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் என்ற பதிப்பு நிறுவனம் தன் பல்ப் இதழ்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மூடியது. ஐம்பதுகளின் முடிவில் கடை காலி. சொல் மட்டும் பிழைத்து, விறுவிறுப்பான மலிவுக் கதை எதற்கும் பொதுப்பெயராகிவிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது?

‘கூழ் இலக்கியம்’ என்று சிலர் மொழிபெயர்க்கிறார்கள். காதில் ஒட்டவில்லை. தமிழில் கூழ் என்றால் உணவு, செல்வம். ‘சிறுகை அளாவிய கூழ்’ அமிழ்தைவிட இனிது என்கிறார் வள்ளுவர். அரசனுக்கு வேண்டிய ஆறு உறுப்புகளில் ஒன்றாகவும் கூழைச் சொல்கிறார். அதைக் கொண்டுபோய் மட்டமான தாளுக்கு வைத்தால் வசை வாழ்த்தாகிவிடும். ‘மரக்கூழ்க் கதை’ என்றாலும் சிக்கல்: கரூர் பக்கத்துக் காகிதபுரம் ஆலை செய்தித்தாள் காகிதம் செய்தது முக்கியமாகக் கரும்புச் சக்கையிலிருந்து.

‘வெகுஜன இலக்கியம்’ மிக அகலம். வழவழ தாளில் வரும் குடும்பத் தொடரும் வெகுஜனம்தான். ‘வணிக எழுத்து’ என்பது விமர்சகரின் தீர்ப்பு, பொருளின் பெயர் அல்ல. வரலாற்றாய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி பழக்கத்துக்குக் கொண்டுவந்த ‘முச்சந்தி இலக்கியம்’ அருமையான சொல். ஆனால் அது பழைய சென்னையின் குஜிலிக் கடைத்தெருவில் காலணா, அரையணாவுக்கு விற்ற கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு போன்றவற்றுக்கு உரியது. பென்னி டிரெட்ஃபுல்லோடு வேண்டுமானால் அதை ஜோடி சேர்க்கலாம். இந்த இரண்டு உலகங்களுக்கும் நேரடி உறவும் உண்டு: லண்டனில் பென்னி வெளியீடுகளில் கோலோச்சிய ரெயினால்ட்ஸின் கதைகளைத்தான் ஆரணி குப்புசாமி முதலியார் தமிழுக்குத் தழுவி எழுதினார்.

என் ஓட்டு ‘சாணித்தாள் கதை’க்கு. பழுப்பு நிறத்து மட்டத் தாளுக்கு அச்சகத்திலும் கடையிலும் ஏற்கெனவே புழங்கும் பெயர் சாணித்தாள், சாணிப் பேப்பர். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா நாவல்கள் பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப்பில் தொங்கியபோது ‘சாணிப் பேப்பர் நாவல்’ என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளித்தது இதைத்தான். அந்தச் சுளிப்பு ‘பல்ப்’ என்ற சொல்லிலும் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் அதைத் துடைத்துவிட்டால் பாதி அர்த்தம் போய்விடும். 2008இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் இந்த எழுத்தாளர்களை ஆங்கிலத்தில் தொகுத்தபோது ‘தமிழ் பல்ப் ஃபிக்ஷன்’ என்று பெயரிட்டது. இரண்டு சொல்லும் ஒரே பொருளைத்தான் சுட்டுகின்றன.

பாடநூல், ஆய்வுக் கட்டுரை என்று சாணி கூசுகிற இடமானால் ‘மலிவுத்தாள் புனைகதை’ என்று எழுதலாம். இதழைச் சொல்லும்போது ‘சாணித்தாள் இதழ்’. டைம் நாவலுக்குப் ‘பத்துக்காசு நாவல்’ போதும். டாரன்டினோவின் 1994 படத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அது இடுபெயர். ‘பல்ப் ஃபிக்ஷன்’ என்றே எழுதலாம்.