காயத் தெரிந்தவன் பிழைப்பான்

சுங்கை சிப்புட்டில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளை வேற்றுக்கிரகவாசியை வரையச் சொன்னால், பெரும்பாலும் இரும்புத் தோலும் பெரிய பல்லுமாக ஒன்று வரும். விண்வெளியில் தாக்குப்பிடிக்க அவ்வளவு கவசம் வேண்டியதில்லை. ஒழுங்காகக் காயத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

வெற்றிடத்தில் காற்றில்லாதது மட்டுமல்ல தொல்லை. அழுத்தம் இல்லாததால் உடம்பின் ஈரமும் ஆவியாகிப் போய்விடும். சரி, ஈரத்தை நாமே முதலில் விட்டுவிட்டால்? நீர்க்கரடி அதைத்தான் செய்கிறது. அரை மில்லிமீட்டர் உடம்பு, எட்டுக் கால், நுனியில் நகங்கள். தோட்டத்தில் பால் வெட்டி ஓய்ந்த கிழட்டு ரப்பர் மரத்தின் பட்டையில் பாசி இருந்தால், கொஞ்சம் சுரண்டி இரவு முழுக்க ஊறவைத்துப் பிழியுங்கள். அந்த நீரைப் பள்ளி மைக்ரோஸ்கோப்பில் பொறுமையாகத் தேடினால் ஒன்று தட்டுப்படலாம். பாசி காயும்போது இது கால்களை உள்ளிழுத்துச் சுருண்டுவிடும். மிஞ்சுவது சில விழுக்காடு தண்ணீர்தான். கருவாடும் காய்கிறது, ஆனால் ஊறவைத்தால் நீந்தாது! இது எழுந்து நடக்கும்.

2007-இல் காய்ந்த நீர்க்கரடிகளை விண்கலத்தில் ஏற்றி, 10 நாள் வெட்டவெளியில் விட்டார்கள். வெற்றிடத்தைப் பல தாங்கின, திரும்பி வந்து முட்டையும் இட்டன. சூரியனின் புற ஊதாக் கதிர் முழுதாகப் பட்டவற்றில் மிகச் சிலதான் தேறின.

கதிருக்கு வேறு வழி உண்டு. டைனோகாக்கஸ் என்னும் பாக்டீரியா, துண்டுதுண்டான தன் டிஎன்ஏவைத் திரும்பக் கோத்துக்கொள்ளும். ஜப்பானியர்கள் அதைச் சிறு உருண்டைகளாக்கி அனைத்துலக விண்வெளி நிலையத்துக்கு வெளியே 3 ஆண்டு வைத்தார்கள். மேலடுக்கு செத்து, அந்தப் பிணங்களே அடியில் இருந்தவற்றுக்குக் கூரையாயின. என் கற்பனை ஏலியன் இப்படித்தான்: ஆள் அல்ல, கூட்டம்.

ஆனால் தாக்குப்பிடிப்பது வேறு, வாழ்வது வேறு. காய்ந்தது தின்னாது, பெருகாது. வாழத் தண்ணீரும் தீனியும் வேண்டும். சனியின் நிலா என்செலாடஸில் பனிக்கு அடியில் கடல் இருக்கிறது. அது விரிசல்கள் வழியே பீய்ச்சும் நீரில் காசினி விண்கலம் ஹைட்ரஜனைக் கண்டது. வெயிலே படாத நம் ஆழ்கடலில் சில நுண்ணுயிர்களுக்கு அதுதான் சோறு. அங்கே ஏதாவது வாழ்ந்தால், அதில் கொஞ்சம் பனித்துகளோடு விண்வெளிக்கு எறியப்பட்டு உறைந்து காயும். காசினி அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்தது. 1997-இல் கிளம்பிய அதில் உயிரைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இல்லை.